மாணவரின் விருப்பம், அரை வரி

என் அக்காவின் இரண்டாவது மகளுக்குத் திக்குவாய். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அவளுக்கும் இல்லை. கூச்சப்பட்டதெல்லாம் அவளைப் பெற்ற அப்பா, அதாவது என் அத்தான். வீட்டுக்கு யாராவது வந்து அவளிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், "குட்டிக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று குறுக்கே விழுவார். நாலு வயதில் கட்டிய தொண்டை பதினேழு வயதிலுமா கட்டிக்கொண்டிருக்கும்? வந்தவர்களும் அதைக் கேட்க மாட்டார்கள். தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடிப்பார்கள். அத்தான் குடிநீர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். எந்தக் குழாய் ஒழுகினாலும் மேலே மண்ணைத் தள்ளி மூடச் சொல்கிற மனுஷன். பெண் விஷயத்திலும் அதே வைத்தியம்தான்.

குட்டி திக்குவது எல்லாரும் கேலியாக நடித்துக் காட்டுகிற மாதிரி இருக்காது. சில எழுத்துகளில் ரெண்டு மூணு தடவை தட்டும். சில எழுத்துகளில் சத்தமே வராது. உதடு மூடிக்கொள்ளும், கண் இறுகும், தாடை லேசாக நடுங்கும். அடைப்பு விட்டதும் மீதி வாக்கியம் மடமடவென்று வந்துவிடும். அதற்குப் பத்து விநாடி ஆகலாம், இருபது ஆகலாம். இருபது விநாடி என்பது எவ்வளவு சின்ன நேரம்! ஆனால் எதிரே நிற்கிறவர்களுக்கு அது தாங்காது. என்னமோ அவர்கள் மூச்சை யாரோ பிடித்துவைத்திருப்பதுபோல் துடித்துப்போய், அவள் சொல்லவந்ததைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். முடித்துவிட்டு, உதவி செய்த முகத்தோடு ஒரு சிரிப்பு வேறு.

பள்ளிக் கடைசி வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பேச்சுக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு, பள்ளி முடிந்தபின் என்ன செய்வது என்று திட்டம் போடும் கூட்டமாம். அக்காவுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. பகல் ஷிஃப்டில் லீவு கிடைக்கவில்லை. அவளுக்குப் பதிலாக நான் போனேன். அரசு அலுவலகங்கள் இருக்கிற தெருவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நகல் எடுப்பதைவிட, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான் பிழைப்பு. அதனால் "படிவம்னா இவளுக்குத் தெரியும்" என்று என்னை அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்த லட்சணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்தோம். கண்ணாடி போட்ட மேஜை. கண்ணாடிக்கு அடியில் மூன்று வருஷத்துப் பழைய கால அட்டவணை. அந்தப் பக்கம் தலைமையாசிரியை. அவருக்குப் பக்கத்தில் வழிகாட்டி ஆசிரியர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் திட்டம் சார். வாயைத் திறந்தால் "திட்டம்" என்ற சொல் இல்லாமல் மூடமாட்டார். இந்தப் பக்கம் அத்தானும் நானும். குட்டிக்கு மேஜை மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் வியாழக்கிழமைகளில்தான் வருவார். கூட்டத்தைத் திங்கட்கிழமை வைத்திருந்தார்கள். "அவங்க வந்தா ஆளாளுக்கு விளக்கம் சொல்லி நேரமாகும்" என்றார் திட்டம் சார். பேச்சைப் பற்றிய கூட்டத்தில் பேச்சு தெரிந்த ஒரே ஆளைத் தவிர்த்துவிட்டார்.

எட்டுப் பக்கப் படிவம். நான் ஆயிரக்கணக்கில் படிவம் பார்த்தவள். இப்படி ஒரு படிவத்தைப் பார்த்ததில்லை. 'அலுவலரின் பரிந்துரை' என்பதற்கு ஒரு முழுப் பக்கம். 'பெற்றோரின் எதிர்பார்ப்பு' என்பதற்கு அரைப் பக்கம். 'மாணவரின் விருப்பம்' என்று அச்சடித்து, பக்கத்தில் புள்ளி புள்ளியாக அரை வரி.

முக்கால் மணி நேரம் அவளைப் பற்றிப் பேசினார்கள். அவள் நல்லவள் என்றார்கள். அமைதியானவள் என்றார்கள். அமைதி! பேச விடாமல் உட்காரவைத்துவிட்டு அதற்கு அமைதி என்று பெயர். திட்டம் சார் ஃபைலிலிருந்து ஒரு பட்டியல் எடுத்தார். மேலே 'பேச்சுத் தேவைப்படாத தொழில்கள்' என்று தட்டச்சு செய்திருந்தது. பொட்டலம் கட்டுவது, பை ஒட்டுவது, நாற்று வளர்ப்பது, மெழுகுவத்தி செய்வது. அந்த மனுஷன் போன வருஷம் ஐந்து பிள்ளைகளுக்குத் திட்டம் போட்டாராம். காது மந்தமான பையன், மூளைக் காய்ச்சலில் பேச்சுக் குழறிப்போன பெண், யாராயிருந்தால் என்ன, ஐந்து பேரும் மெழுகுவத்தி. அந்தப் பயிற்சி மையத்தின் ஆண்டு விழா அழைப்பிதழில் அவர் பெயர் சிறப்பு விருந்தினராக வரும். அதைக் கத்தரித்து ஃபைலின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவைத்திருந்தார்.

கடைசியில், டீ வந்தபிறகு, அவளைப் பார்த்துத் திரும்பினார்.

"சொல்லும்மா. நீ என்ன ஆகணும்னு ஆசைப்படறே? பயப்படாம சொல்லு."

"எனக்கு..." என்று ஆரம்பித்தாள். "மெ... மெ..."

அங்கே அடைத்துக்கொண்டது. உதடு இறுகியது. திட்டம் சார் ஐந்து விநாடிகூடப் பொறுத்திருக்க மாட்டார்.

"மெழுகுவத்தி!" என்று கையைத் தட்டினார். "பாத்தீங்களா? பொண்ணு வாயிலேர்ந்தே வந்துடுச்சு!"

குட்டி வேகமாகத் தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாள், குருடனுக்கும் தெரிந்திருக்கும். தலைமையாசிரியை எட்டி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"வெக்கப்படாதேம்மா. எந்தத் தொழிலும் கேவலமில்ல."

அத்தான் நிம்மதியாக மூச்சுவிட்டார். நான் சிரித்தேன். அதை மறைக்கப் போவதில்லை. எல்லாரும் சிரித்தார்கள், நானும் பல்லைக் காட்டினேன். புள்ளி போட்ட அரை வரியில் 'மெழுகுவத்தி தயாரிப்பு' என்று எழுதினார்கள். அத்தான் கையெழுத்துப் போட்டார், சாட்சியாக நான் போட்டேன். அன்று மாலை என் கடையிலேயே அந்தப் படிவத்தை ரெண்டு நகல் எடுத்துக் கொடுத்தேன். எட்டுப் பக்கமும் என் கையைத் தாண்டித்தான் போயின. ஒரு பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை.

கூட்டம் முடிந்து அத்தான் நேரே அலுவலகம் போய்விட, நாங்கள் ரெண்டு பேரும் பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே குட்டி சொன்னாள். "மெ... மெடிக்கல், சித்தி. மெடிக்கல் ஷாப். நான் பார்மசி படிக்கணும்."

"அடிப்பாவி, இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லிட்டுத்தான் இருந்தேன்."

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். ரெண்டு வருஷ டிப்ளமோ. எந்தக் கல்லூரி, எவ்வளவு மதிப்பெண் வேண்டும், எப்போது நேர்காணல், எல்லாம் சின்னச் சின்ன எழுத்தில் குறித்துவைத்திருந்தாள். வேதியியலில் அவள்தான் வகுப்பில் முதல். வீட்டில் யாருக்கு மாத்திரை வாங்கினாலும் டப்பாவுக்குள் மடித்துவைத்திருக்கும் தாளை எடுத்து ராத்திரிப் பாடம்போலப் படிப்பாள். இதெல்லாம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். "மருந்துக் கடைக்கு வர்றவன் சீக்காளி. இவ பேசி முடிக்கிறதுக்குள்ள போய்ச் சேந்துடுவான்."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு, "ஏங்க, அவ ஆசைப்படறா இல்ல..." என்று ஆரம்பித்தாள்.

"திட்டத்துல எழுதியாச்சு. எழுதினது எழுதினதுதான்."

அக்கா மறுபடி குழாயைத் திறந்துவிட்டாள். நான் மறுநாள் திட்டம் சாரைப் போய்ப் பார்த்தேன். "மறுபரிசீலனைன்னு ஒண்ணு இருக்கு. அது அடுத்த வருஷம்" என்றார், ஃபைலை மூடிக்கொண்டே. பெண்ணின் வாழ்க்கையில் ஒரு வருஷத்தை அவர் சொன்ன தோரணை, கடைக்காரன் "சரக்கு நாளைக்கு வரும்" என்று சொல்வதுபோல் இருந்தது.

குட்டி யாரிடமும் சொல்லாமல் பார்மசி படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். தேர்வு முடிந்த அடுத்த வாரம் மெழுகுவத்தி மையத்துக்கும் போனாள். அப்பா பஸ் ஏற்றிவிட்டால் போகாமல் என்ன செய்வாள்? ஐந்து வாரம் போனாள். நீள ஹால், தகரக் கூரை, உருகிய மெழுகின் நாற்றம். அங்கே இருந்த மேற்பார்வை அம்மாள், திக்குகிற பெண்ணுக்குக் காதும் கேட்காது என்று முடிவு கட்டியிருந்தாள். குட்டியைக் கூப்பிட வேண்டுமென்றால் முகத்துக்கு நேரே கை தட்டுவாள். "இங்... கே... ஊத்... து" என்று வாயைப் பிளந்து பிளந்து சொல்வாள். அந்த அம்மாளின் பேச்சைவிடக் குட்டியின் திக்கல் எவ்வளவோ தெளிவு. ஒருநாள் விரல் நுனி வெந்து கொப்புளத்தோடு வந்தாள். அத்தான் களிம்பு வாங்கிவந்தார். மெடிக்கல் ஷாப்பிலிருந்துதான்.

தேர்வு முடிவில் வேதியியலில் தொண்ணூற்றாறு. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. 'பள்ளி அனுப்பிய திட்டப் படிவத்தின்படி விண்ணப்பதாரர் பேச இயலாதவர். இப்படிப்புக்கு வாய்மொழித் தேர்வு கட்டாயம். எனவே விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.'

பேச இயலாதவரா? படிவ நகலைத் தேடி எடுத்தேன். ஆறாம் பக்கம். 'பேசக்கூடியவர்', 'பேச இயலாதவர்' என்று ரெண்டு கட்டம். திட்டம் சார் ரெண்டாவதில் அழகாக ஒரு டிக் போட்டிருந்தார். அதற்குக் கீழேதான் சாட்சி என்று என் கையெழுத்து. ஊருக்கெல்லாம் "படிக்காம கையெழுத்து போடாதீங்க" என்று கடையில் போர்டு மாட்டிவைத்திருக்கும் என் கையெழுத்து. என்னைப் போல ஒரு கழுதை அந்தத் தெருவில் இருந்திருக்காது.

குட்டி அழவில்லை. பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினாள். மறுகூட்டம் வேண்டும், அது வியாழக்கிழமை நடக்க வேண்டும் என்று. கூட்டத்தை அப்படியே வைத்தார்கள். பேச்சு டீச்சரை முதல்முறை அன்றுதான் பார்த்தேன். சின்ன வயசு, கையில் ஹெல்மெட். அந்தக் கும்பலில் எனக்கு எரிச்சல் வராத ஒரே ஆள் அவர்தான். வாசலிலேயே குட்டியைக் கேட்டார்.

"உள்ள நான் பேசணுமா, சும்மா உக்காந்திருக்கணுமா?"

"சு... சும்மா."

"சரி" என்றார். அவ்வளவுதான். அதன்படியே உட்கார்ந்தும் இருந்தார்.

அதே அறை, அதே மேஜை. இந்தத் தடவை குட்டி மூலை ஸ்டூலில் உட்காரவில்லை. அத்தானுக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்காருவதற்கு முன்னாலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒரு தாளை மேஜை நடுவில் வைத்தாள். கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'நான் பேசுவேன். நடுவில் யாராவது பேசினால் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.'

திட்டம் சார் அதைப் படித்துவிட்டு, குழந்தை கிறுக்கிய படத்தைப் பார்ப்பதுபோல் புன்னகை செய்தார்.

குட்டி ஆரம்பித்தாள். "நான் பேசுவேன். மெ... மெதுவாப் பேசுவேன். எனக்குப் பி... பிடிச்ச படிப்பு..." அங்கே அடைத்தது.

"பார்மசி. அதானே? எங்களுக்குத் தெரியும்மா" என்றார் திட்டம் சார்.

குட்டி உள்ளங்கையைத் தூக்கினாள். மறுபடி முதலிலிருந்து. "நான் பேசுவேன்..."

"சரியாத்தானேம்மா சொன்னாரு?" என்றார் அத்தான்.

கை. "நான் பேசுவேன்..."

இந்தத் தடவை பாதி தூரம் வந்துவிட்டாள். ஒரு வார்த்தையில் நின்று, கழுத்து நரம்பு புடைத்தது. தலைமையாசிரியையால் பார்க்க முடியவில்லை. "தண்ணி குடிக்கிறியாம்மா?"

கை. முதலிலிருந்து.

நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே கடித்துக்கொண்டு. வார்த்தையை எடுத்துக் கொடுக்க வேண்டும்போல் எனக்கும் அரித்தது, அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகும். நாலாவது தடவை யாரும் வாயைத் திறக்கவில்லை. திட்டம் சார் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார், ஒருமுறை பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். நானும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். தொடக்கம் முதல் பதினோரு நிமிஷம். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"நான் பேசுவேன். மெதுவாப் பேசுவேன். எனக்குப் பிடிச்ச படிப்பு பார்மசி. அதை நான் அன்னிக்கே சொல்ல ஆரம்பிச்சேன், நீங்க முடிச்சுட்டீங்க. ஆறாம் பக்கத்துல பேச இயலாதவர்னு போட்டிருக்கீங்க. அது பொய். அதை மாத்தணும். நேர்காணல்ல எனக்கு ரெண்டு மடங்கு நேரம் வேணும்னு எழுதித் தரணும். மெழுகுவத்தி வேண்டாம்."

திட்டம் சார் படிவத்தைப் புரட்டினார். மன்னிப்பு கேட்பார் என்று நான் நினைத்தேன். எனக்கும் இந்த வயதில் அந்த நம்பிக்கை வந்தது பாருங்கள்!

"படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. மெதுவாப் பேசறவங்களுக்குத் தனிக் கட்டம் இல்லையே" என்றார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "தப்பான டிக்கை ஒரு கோடு போட்டு அடிங்க. சரியானதுல டிக் போட்டு, ஓரத்துல 'கூடுதல் நேரம் தேவை'ன்னு எழுதி, கையெழுத்து, தேதி, சீல். நான் தினமும் இருபது பேருக்கு இப்படித்தான் செஞ்சு கொடுக்கறேன். எந்த ஆபீஸ்லயும் திருப்பினதில்ல."

பேச்சு டீச்சர் தன் பையிலிருந்து ஏற்கெனவே தட்டச்சு செய்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். இரட்டை நேரம் ஏன் தேவை என்று அரைப் பக்கம். தலைமையாசிரியை சீலை எடுத்தார். அத்தான் பெற்றோர் கையெழுத்துப் போட்டார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் போட்டார், ஆனால் போட்டார்.

திருத்திய படிவத்தைக் கல்லூரிக்கு அனுப்பியதும் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். நேர்காணலுக்கு நான்தான் கூடப் போனேன். மூன்று பேர் கேள்வி கேட்டார்களாம். ஒருவர் அவள் பதில் சொல்லும்போதெல்லாம் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தாராம். இன்னொருவர் மட்டும் கன்னத்தில் கை வைத்து முழுசாகக் கேட்டாராம். முதல் பட்டியலில் பெயர் வரவில்லை. ரெண்டாவது பட்டியலில் வந்தது.

ரெண்டு வருஷம் படித்தாள், நல்லபடியாகவே முடித்தாள். வாய்மொழித் தேர்வுகளில் தடுமாறினாள். ஒன்றில் தோற்று, மறுபடி போய்த் தேறினாள். அவள் படித்த காலமெல்லாம் எட்டிப் பார்க்காத திட்டம் சார், சான்றிதழ் வந்ததும் அவள் புகைப்படத்தைக் கேட்டு வாங்கிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். கீழே 'திட்டமிட்ட வழிகாட்டுதலின் வெற்றி' என்று வாசகம். அத்தான் அதைக் கைபேசியில் படம் பிடித்துத் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினார். "இவளுக்குப் பார்மசிதான் சரின்னு நான் அப்பவே சொன்னேன்" என்று என் முகத்துக்கு நேரேயே சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அக்கா மட்டும் சலவைப் பிரிவில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்துவிட்டு, பேசாமல் வந்து படுத்தாளாம்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. முதலாளி அவளை முதலில் பின்னறையில் போட்டார். சரக்கு அடுக்குவது, காலாவதித் தேதி பார்ப்பது. "முன்னாடி நின்னா வியாபாரம் படுத்துடும்மா" என்று தேன் தடவினாற்போல் சொன்னாராம். மூன்றாம் மாதம் முன்னால் நின்ற பையன் வேறு கடைக்குத் தாவிவிட்டான். வேறு வழியில்லாமல் முதலாளி அவளை முன்னால் நிறுத்தினார். சில வாடிக்கையாளர்கள் அவள் வாய் அடைத்துக்கொண்டதும் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். சிலர் கேலி செய்வார்கள். சிலர் நின்று கேட்டு வாங்கிப் போவார்கள். அவள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சொல்வாள். மாத்திரைக் கவரில் எழுதியும் கொடுப்பாள், வாயாலும் சொல்வாள்.

போன மாதம் அக்காவுக்கு மருந்து வாங்க நான் போயிருந்தபோது கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு ஆள், ரத்த அழுத்த மாத்திரைக்குச் சீட்டு நீட்டினான். எழுதியிருந்த மில்லிகிராம் அளவில் சரக்கு இல்லை. ரெட்டை அளவில்தான் இருந்தது. அந்த அட்டையை எடுத்து வைத்துவிட்டு, அவள் கவரில் எழுதப் பேனாவை எடுத்தாள், சொல்லவும் வாயைத் திறந்தாள். வார்த்தை அடைத்தது. அவனுக்குப் பஸ் வந்துவிட்டதாம். மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

குட்டி மேஜையின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே ஓடினாள். தெருவைக் கடந்து, பஸ் படியில் கால் வைத்தவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், என்னம்மா இது? சட்டையை விடு!"

"பா... பா..."

"என்ன, பாட்டிலா? நான் ஒண்ணும் எடுக்கலையே!" சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் பிடியை விடவில்லை. பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"பாதி. ஒரு வேளைக்குப் பா... பாதி மாத்திரைதான் போடணும். இது ரெட்டை."

அந்த ஆள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று சட்டையை உதறிக்கொண்டு பஸ்ஸில் ஏறிப் போனான். ஒரு நன்றி சொன்னால் வாய் தேய்ந்தா போய்விடும்? அந்த ஜென்மத்துக்கு அது தோன்றவில்லை.

திரும்பி வந்தால் முதலாளி, கடையைப் போட்டுவிட்டு ஓடினதற்காகச் சத்தம் போட்டார். அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பலகையை இறக்கினாள். வரிசையில் அடுத்து நின்ற அம்மாளின் சீட்டை வாங்கிப் பிரித்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நான் என் முறை வரும்வரை நின்றிருந்தேன்.